பனையூர் மணலில் வீட்டு போர்வெல்: இன்னும் ஆழம் போவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். சென்னைப் பனையூரில், கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் ஒரு கிரவுண்ட் மனை. நான்கு வருஷம் முன்பு 80 அடிக்கு போர் போட்டீர்கள். முதல் நாளிலிருந்தே தண்ணீரோடு மணல் வருகிறது, சப்மெர்சிபிள் மோட்டார் இரண்டு முறை போய்விட்டது. இப்போது போர்க்காரர், "புதுசா 150 அடி போட்டுடலாம் சார், கீழ மணல் வராது" என்கிறார். போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது "எத்தனை அடி" என்ற கேள்விதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது மணல் வராத தண்ணீர், அதுவும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு உப்பாகாத தண்ணீர். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நிலத்தடி நீர்ப் பொறியாளராக இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கரையோரம் போர் வேலைகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உங்கள் மனையைப் பார்த்ததில்லை. அதனால் உறுதியாகச் சொல்லக் கூடியதையும், மண்ணைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டியதையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியான ஒன்று: 150 அடிக்குப் போகாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உங்கள் பகுதி ஒரு மணல் திட்டு. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதிலும் கடல் ஏற்றத்துக்கு உப்புத் தண்ணீர் ஏறும். ஆக இரண்டு பக்கமும் உப்பு, நடுவில் மழை பெய்து இறங்கிய நல்ல தண்ணீர் ஒரு தட்டுப் போல மிதக்கிறது. எங்கோ மலையிலிருந்து வரும் ஊற்று எதுவும் இதற்குக் கிடையாது. மணலுக்குக் கீழே இடத்துக்கு இடம் களிமண் பட்டை வரும், அதற்கும் கீழே சிதைந்த பாறை, பிறகு சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. பாறை வெடிப்பில் தண்ணீர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது நல்ல தண்ணீராக இருக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, மேலே இருக்கும் நல்ல தண்ணீருக்கும் கீழே இருக்கும் உப்புக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும் களிமண்ணை நீங்களே ஓட்டை போடுவது.

மிதக்கும் இந்தத் தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீரை விடக் கடல் தண்ணீர் நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கூடுதல் கனம். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் அதைத் தாங்கி நிற்கும். திருப்பிப் பாருங்கள்: உங்கள் மோட்டார் அந்த மட்டத்தை ஒரு அடி நிரந்தரமாக இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் நல்ல தண்ணீரும் உப்பும் கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்காது, நடுவில் கலங்கிய பட்டை ஒன்று இருக்கும், களிமண் வந்தால் கணக்கு மாறும். ஆனால் திசை மாறாது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில், உப்பேறிய மணல் கிணறுகளைச் சுத்தம் செய்வதாக நினைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அதுவே கீழிருந்த உப்பை மேலே இழுத்துப் பல கிணறுகள் தேறுவதைத் தள்ளிப்போட்டது. நல்ல எண்ணத்தோடு செய்த தவறு அது, அதனால்தான் எனக்கு மறப்பதில்லை.

இனி மணல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். மணலுக்குள் போடும் எந்தப் போரிலும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே மணல் தண்ணீரோடு சேர்ந்து நகரத் தயாராகவே இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது மூன்று விஷயங்கள். குழாயில் தண்ணீர் நுழைய விட்டிருக்கும் கீறலின், அதாவது ஸ்லாட்டின் அகலம், குழாயைச் சுற்றிப் போடும் வடிமணலின் பருமன், தண்ணீர் உள்ளே நுழையும் வேகம். உங்கள் போரில் இந்த மூன்றில் ஒன்றோ மூன்றுமோ தவறியிருக்கிறது. 80 அடியில் தவறியது 150 அடியிலும் தவறும், காசு மட்டும் இரண்டு மடங்கு.

எனவே புதுப் போருக்கு முன்னால் பழைய போரை விசாரியுங்கள். மோட்டாரை மேலே எடுத்துவிட்டு, நைலான் கயிற்றில் அரைக் கிலோ இரும்புக் கட்டி கட்டி அடி தட்டும் வரை இறக்கி அளந்து பாருங்கள். 80 அடி போட்ட இடத்தில் 60 அடிதான் வருகிறது என்றால் 20 அடி மணல் ஏறி, ஸ்லாட் உள்ள ஃபில்டர் பைப் மூழ்கிக் கிடக்கிறது என்று பொருள். அடியில் மூடி போடாமல் திறந்தே விட்ட போர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றில் மணல் கீழேயிருந்து கொதித்து வரும். பைப் ஜாயின்ட் விட்டுப் போயிருந்தால் திடீரென்று ஒரு நாள் மணல் அதிகமாகும். உங்களுக்கு முதல் நாளிலிருந்தே வருகிறது என்பதால் ஜாயின்டைவிட ஸ்லாட், வடிமணல் மேல்தான் எனக்குச் சந்தேகம். பைப் விட்டம் 5 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், கம்ப்ரசர் வைத்து மணலை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே 3 அங்குலச் சிறு ஸ்லாட் பைப்பை அடி மூடியோடு இறக்கி, நடு இடைவெளியில் நயமான வடிமணல் போட்டு மீட்கலாம். பிறகு அதில் சப்மெர்சிபிள் போகாது. தண்ணீர் மட்டம் 20 அடிக்குள்ளேயே இருந்தால் தரையில் மோனோபிளாக் பம்ப் வைத்து உறிஞ்சலாம். பாதிக்குப் பாதி இப்படிச் சரியாகும், சரியாகாததும் உண்டு. செலவு சின்னது என்பதால் ஒரு முறை முயன்று பார்க்கலாம் என்பேன்.

இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இடத்துக்கு என் மனதுக்குப் பிடித்தது அதுதான்: உறைக்கிணறு. கீழடியில் தோண்டியெடுத்த சுடுமண் உறைகள் முதல் இன்று லாரியில் வரும் சிமெண்ட் உறை வரை யோசனை ஒன்றே. மணல் சரியும் இடத்தில் வளையத்தை இறக்கி, உள்ளே மண்ணை எடுக்க எடுக்க அது தன் கனத்தில் தானே இறங்கும். விட்டம் பெரியது, அதனால் தண்ணீர் மெதுவாக ஊறும், மணலை இழுக்காது. மிதக்கும் தட்டின் மேல் பகுதியிலிருந்து மட்டும் எடுப்பதால் உப்பையும் சீண்டாது. அடியில் கொரமணல் என்கிற பருமணல், அதன்மேல் சிறு கூழாங்கல், அதன்மேல் பெரிய கூழாங்கல் என்று ஓரடிக்குப் பரப்பினால் கீழிருந்து மணல் பொங்காது. வைகாசி, ஆனியில் தண்ணீர் அடியில் இருக்கும்போது இறக்க வேண்டும். மழைக்காலத்தில் இறக்கிய கிணறு அடுத்த கோடையில் வற்றும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கும்போது உள்ளே கன்னாபின்னாவென்று பம்ப் வைத்து இறைத்தால் சுற்றுவட்ட மணல் உள்ளே ஓடி வந்து, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். அஸ்திவாரத்திலிருந்து தள்ளி இடம் இருந்தால்தான் இந்த வேலை. இரண்டாவது, உறைக்குள் ஆள் இறங்கும்போது மேலே இரண்டு பேர், இடுப்பில் கயிறு, உள்ளே மின்சார மோட்டார் ஓடக் கூடாது. இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

கிணற்றுக்கு இடமில்லை, போர்தான் என்றால், கவனித்துச் செய்ய வேண்டியவை இவை. பாறையைச் சுத்தியல் போல அடித்துத் துளைக்கும் போர் வண்டி மணலில் உதவாது. கைபோரோ, சேற்றுக் கரைசல் சுற்றவிட்டுத் துளைக்கும் ரோட்டரியோதான். ரோட்டரியில் துளை சரியாமல் நிற்பது கரைசலின் எடையால்தான். குழி விளிம்பு வரை கரைசல் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஒரு வேலையில் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போன முக்கால் மணி நேரத்தில் கரைசல் மணலுக்குள் இறங்கி, 70 அடித் துளை முழுவதும் மூடிக்கொண்டதை நின்று பார்த்திருக்கிறேன். துளைத்து முடித்த அதே நாளில் பைப் இறக்கி வடிமணலும் போட்டுவிட வேண்டும், "நாளைக்குப் பாக்கலாம்" என்பது மணலில் செல்லாது. துளை 10 அங்குலம், பைப் 125 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடம் கிடைக்கும். ஐ.எஸ். 12818 முத்திரை உள்ள போர் பைப்பையே வாங்குங்கள். 80 மீட்டர் வரைக்கும் சி.எஸ். என்ற வகை போதும். வீட்டு பிளம்பிங் பி.வி.சி.யை வாங்கி ரம்பத்தால் கீறிப் போடும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள், அந்தக் கீறல் ஒவ்வொன்றும் ஒரு அகலத்தில் இருக்கும்.

துளைக்கும்போது ஐந்து அடிக்கு ஒரு பிடி மணல் எடுத்து, கழுவி, பலகையில் வரிசையாக வையுங்கள், பக்கத்தில் அடிக்கணக்கு எழுதுங்கள். நீங்களே நின்று செய்ய வேண்டிய வேலை இது, யாரிடமும் விடாதீர்கள். எந்த ஆழத்தில் மணல் பெரும்பருமனாக இருக்கிறதோ அங்கேதான் ஃபில்டர் பைப் உட்கார வேண்டும். களிமண் தட்டுப்பட்டால் அதற்கு மேலேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் போர் 40 அடியில் முடிகிறதா 60 அடியிலா என்பதை அந்தப் பலகைதான் சொல்லும், நான் இங்கிருந்து சொன்னால் அது ஜோசியம்.

இப்போது முழு விஷயத்தின் கண்ணுக்கு வருகிறேன். போரைச் சுற்றிப் போடுவதை நம் ஊரில் "ஜல்லி போடுறது" என்கிறோம், அந்தச் சொல்லே வேலையைக் கெடுத்துவிடுகிறது. முக்கால் அங்குல ஜல்லியோ கால் அங்குல ஜல்லியோ போட்டால், அந்தக் கற்களுக்கு நடுவில் உங்கள் கடற்கரை மணல் நடந்து போகும் அளவுக்கு வழி இருக்கும். வடிகட்டி என்றால் மணலைத் தடுக்கும் மணல். எப்படித் தேர்ந்தெடுப்பது? முன்னதாக ஒரு சோதனைத் துளையில் எடுத்த, ஃபில்டர் உட்காரும் ஆழத்து மணலில் ஒரு கிலோவைக் கட்டடத்துக்கு மண் பரிசோதிக்கும் கூடத்தில் கொடுத்தால் சல்லடை போட்டுத் தருவார்கள். எடையில் 70 சதவீதம் எந்தக் கண் அளவுச் சல்லடையில் தங்குகிறதோ, அந்த அளவை 4 முதல் 6 ஆல் பெருக்குங்கள். உதாரணமாக 0.25 மில்லிமீட்டர் வந்தால், வடிமணல் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பருமன். அதாவது சல்லடை போட்டுக் கழுவிய கொரமணல், உருண்டையான வெள்ளைக் கல் மணலாக, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில். கிரஷர் தூசி வேண்டவே வேண்டாம். அந்த வடிமணலில் பத்துக்கு ஒன்பது பங்கைத் தடுக்கும் அகலத்தில் ஸ்லாட். இந்த உதாரணத்துக்கு 0.75 மில்லிமீட்டர் பொருந்தும். ஸ்லாட்டை முதலில் வாங்கிவிட்டு அதற்குத் தகுந்த கல் தேடுவது தலைகீழ் வேலை.

பைப்பைச் சுற்றி நைலான் வலை சுற்றுவதைப் பலரும் கேட்பார்கள். கொஞ்ச நாளைக்கு மணல் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் வலை பைப்போடு ஒட்டி நிற்பதால் ஸ்லாட் இருக்கும் இடத்தில் மட்டுமே தண்ணீர் புகும், அந்தக் கண்களை நயமணலும் இரும்புத் துருவும் சீக்கிரம் அடைக்கும். அடைத்தால் பைப்பை உருவி வலையை மாற்ற முடியாது. டெல்டாவில் ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க் கிணறு போடுகிறவர்கள் தேங்காய் நார்க் கயிறு சுற்றுவது பழைய, மலிவான வழி. அது காவிரிப் படுகையின் பருமணலுக்கு ஒத்துவந்தது, கடற்கரை நயமணலுக்கு அதை நம்ப மாட்டேன்.

வடிமணலைக் கூடையால் கொட்டாதீர்கள். கொட்டினால் நடுவழியில் சிக்கிப் பாலம் கட்டிக்கொள்ளும், கீழே வெற்றிடமாகவே இருக்கும். ஒன்றரை அங்குலப் பைப்பை அடிவரை இறக்கி, தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பைப்பை மேலே உயர்த்திக்கொண்டே வர வேண்டும். ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு தருகிறேன். 10 அங்குலத் துளை, 140 மில்லிமீட்டர் வெளிவிட்டப் பைப் என்றால், நடு இடைவெளி அடிக்குச் சுமார் 10 லிட்டர் பிடிக்கும். 20 அடி ஃபில்டர், அதற்கு மேலே இன்னும் 10 அடி, ஆக 30 அடிக்கு 300 லிட்டர் வடிமணல் உள்ளே போக வேண்டும். 150 லிட்டரிலேயே மேலே தெரிகிறது என்றால் பாலம் கட்டிவிட்டது, நிறுத்திச் சரி செய்யுங்கள். பைப் துளையின் நடுவில் நிற்க 20 அடிக்கு ஒரு இடத்தில் நாலு பக்கமும் பட்டை கட்டுங்கள். அடியில் ஸ்லாட் இல்லாத வெறும் பைப் நாலைந்து அடி, மூடியோடு. தப்பி வரும் மணல் அங்கே தங்கட்டும்.

பிறகு வருவது போரைக் கழுவித் தேற்றுவது. போர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் கம்ப்ரசர் ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீரை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுகொள்ளும், தண்ணீர் தெளிந்ததுபோல இருக்கும், மோட்டாரை நிறுத்திப் போட்டதும் பொலபொலவென்று வரும். தண்ணீரை உள்ளும் வெளியும் ஆட்ட வேண்டும். பைப் நுனியில் ரப்பர் வட்டம் கட்டி மேலும் கீழும் அடிப்பது ஒரு வழி, கம்ப்ரசரை விட்டு விட்டு ஓட்டுவது இன்னொரு வழி. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி, ஆறேழு மணி நேரமாவது, நயமணலில் இரண்டு நாள்கூட. இந்த நேரத்தில் வடிமணல் கீழே அமரும், மேலே சேர்த்துக்கொண்டே வாருங்கள். உங்கள் புது மோட்டாரைக் கொண்டு இதைச் செய்ய விடாதீர்கள். முடிந்ததா என்று பார்க்க, நிறுத்திப் போட்ட முதல் நிமிடத் தண்ணீரை வெள்ளைப் பக்கெட்டில் பிடித்து, சுழற்றிவிட்டு அடியைப் பாருங்கள். ஒரு சிட்டிகைகூடத் தங்கக் கூடாது. விலை பேசும்போதே இந்த நேரத்துக்குத் தனியாகக் காசு பேசி எழுதிக்கொள்ளுங்கள். அடிக் கணக்கில் மட்டும் கூலி பேசினால் ஆழம்தான் கிடைக்கும்.

மோட்டார் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் அளவு. ஐந்து பேருக்கு 675 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் மோட்டார் 35 நிமிடம் ஓடினால் முடிந்தது. ஒன்றரை எச்.பி. எதற்கு? பெரிய மோட்டார் மணலை இழுக்கும், உப்பையும் இழுக்கும். வைத்திருப்பது பெரியது என்றால் கேட் வால்வைத் திருகி மட்டுப்படுத்துங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை போட்டு நிறுத்துவதைவிட, மெதுவாக ஒரே ஓட்டம் நல்லது. மோட்டார் ஃபில்டர் பைப்புக்கு மேலே நிற்கட்டும், நேர் எதிரே தொங்கினால் அந்த இடத்து ஸ்லாட்டில் வேகம் கூடும்.

மேல் பகுதியை யாரும் கவனிப்பதில்லை. வடிமணலுக்கு மேலே, தரையிலிருந்து கீழே பத்து அடியாவது பைப்பைச் சுற்றிக் களிமண்ணோ சிமெண்ட் கரைசலோ கொண்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் பைப் ஓரமாகவே இறங்கும். பைப் வாய் தரைக்கு மேலே ஒன்றரை அடி, 2015 வெள்ளம் உங்கள் தெருவில் எவ்வளவு நின்றதோ அதற்கும் மேலே. கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் போருக்கும் 18 மீட்டர் விட வேண்டும் என்பது இந்திய அளவுகோல். ஒரு கிரவுண்டில், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்தால், இது பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கிருமிச் சோதனை இல்லாமல் குடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் 100 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் போரில் ஊற்றி, ஒரு இரவு விட்டு, வாடை போகும் வரை இறைத்து வெளியே விடுங்கள், செடிக்கு விடாதீர்கள்.

பழைய போரைக் கைவிடுவதானால் அப்படியே விட்டுவிடக் கூடாது. அடியிலிருந்து களிமண்ணும் மணலுமாக நிரப்பி, மேலே கான்கிரீட்டால் மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை விழுந்து இறந்தது சரியாக மூடாத துளையில்தான். உச்ச நீதிமன்றம் 2010லேயே இதற்கு நெறிமுறை கொடுத்துவிட்டது. புதுப் போருக்கு, சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் (ஒழுங்குமுறை)ச் சட்டம், 1987 இருக்கிறது. அதன்படி குடிநீர் வாரியத்தில் அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும்.

உப்பு விஷயத்தில் நான் உறுதி தர முடியாது, யாராலும் முடியாது, ஏனென்றால் உங்கள் தண்ணீர் உங்கள் தெருவில் எல்லோரும் இறைப்பதைப் பொறுத்தது. சில நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. மோட்டார் போட்ட ஒரு மணி நேரத்தில் எண் ஏறி, ஓய்வு விட்டால் இறங்குகிறது என்றால் கீழிருந்து உப்பு கூம்பாக ஏறுகிறது, இறைப்பைக் குறைக்க வேண்டும். மழைநீரை இறக்குவது இங்கே சட்டத்துக்காகச் செய்யும் வேலை இல்லை. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. உங்கள் 2,400 சதுர அடியில் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து பேர் வருஷத்துக்கு எடுப்பது இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. விழுவதெல்லாம் இறங்காது என்றாலும், மனை முழுக்க டைல்ஸ் பதித்துத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டால் இந்தக் கணக்கு எந்த போரிலும் நேராகாது.

கயிறு விட்டு அளந்த ஆழம், கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டம், இப்போதைய டி.டி.எஸ். இந்த மூன்றையும் எழுதுங்கள். பழைய போரை மீட்கலாமா, உறைக்கிணறு இறக்கலாமா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன். அதுவரை போர்க்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.